ஆளுக்கொரு உறுப்பு

வேர், தண்டு, இலை, பூ, காய், விதை என்று அம்புக்குறி போட்டுப் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், பினாங்கை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமாருக்கு மட்டும் ஏறவே இல்லை. ஒரு செடியைப் பார்த்தால் ஏதோ ஓர் உறுப்பின்மேல் மையல் கொள்வார்கள், மிச்சமெல்லாம் குப்பை.

1786-ல் பிரான்சிஸ் லைட் கரையேறியபோது தீவுக்குப் பாக்கின் பெயர் ஏற்கெனவே இருந்தது. துரைக்குப் பாக்கு போதவில்லை, மிளகும் வேண்டும். காடு வெட்ட ஆளில்லாமல், பீரங்கியில் வெள்ளிக்காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம். சம்பளத்தைத் தொழிலாளி புதரில்தான் தேடிக்கொள்ள வேண்டும் என்ற நிர்வாகக் கொள்கை அன்றே பிறந்துவிட்டது.

1796-ல் மொலுக்கஸ் தீவுகளை டச்சுக்காரனிடமிருந்து பிடுங்கியதும், கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார். பிரியாணியில் கடிபட்டு நம் முகத்தைக் கோணவைக்கும் கிராம்பு, விரியாத மொட்டு. தலையில் உருண்டையாக இருப்பது மூடிய அல்லி. சுற்றி நாலு பல், புல்லி. காம்புபோல் நீண்டதற்குள்ளே சூலகம். பூத்துவிட்டால் காசு போச்சு. பூவை நம்பிப் பிழைப்பவன் பூக்க விடாமல் காவல் காக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஜாதிக்காய் பழி தீர்த்தது. அதில் ஆண்பூ ஒரு மரம், பெண்பூ வேறு மரம். எது எதுவென்பது பூத்தால்தான் தெரியும். பூக்க ஆறேழு வருஷம். அத்தனை வருஷம் எருப்போட்டு வளர்த்த கன்றுகளில் ஏறத்தாழப் பாதி மாப்பிள்ளைகளாக நிமிர்ந்து நின்றன. காய்க்காத மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் சோறு போடுவது? சிலரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வெட்டினார்கள். 1860 வாக்கில் நோய் வந்து பெண் வீட்டாரையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று.

அக்கரையில், 1800-ல் கெடாவிடமிருந்து வாங்கிய நிலத்தில், தண்டுமேல் காதல். தியோச்சூ தவுக்கேமார் தொடங்கிய கரும்பில் துரைமாரும் குதித்தார்கள். சுங்கை பாக்காப் பட்டணமே கீ லாய் ஹுவாட் என்ற கரும்புத் தவுக்கேயின் காசில் எழுந்ததுதான். கரும்புக்கு விதை வேண்டாம். கணுவில் முளையும் இருக்கிறது, வேர்ப்புள்ளிகளும் இருக்கின்றன. கரணையாக நறுக்கிப் புதைத்தால் போதும். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய நம்மவர்களையும் அப்படித்தான் நறுக்கி நட்டார்கள். ஒப்பந்தக்கூலி முறை 1910-ல் ஒழிந்தது. அதற்குள் கரும்பும் கசந்து, ரப்பர் வந்துவிட்டது.

இப்போது பட்டை. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் ரிட்லி, சட்டைப்பையில் ரப்பர் விதையோடு எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நச்சரித்ததால் 'கிறுக்கு ரிட்லி' ஆனார். அவர் சொன்னது ஒன்றே: பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர்படையைத் தொடாமல் சீவினால், பட்டை திரும்ப வளரும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், வெட்டியவருக்குத் தண்டலின் அர்ச்சனை. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கும், உள்ளழுத்தம் குறையும், பால் சுணங்கும். அதனால்தான் இருட்டில் பெரட்டு. மரத்துக்கு இரத்த அழுத்தம் பார்த்த அளவுக்கு ஆளுக்கு யாரும் பார்க்கவில்லை.

பிறகு செம்பனை. அதற்குள் துரையின் நிறம் மாறியிருந்தது. ஒரே மரத்தில் ஆண்குலையும் பெண்குலையும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் மலர்வது அபூர்வம். ஆகவே பெண்குலை விரியும் நாள் பார்த்து மகரந்தத் தூளை ஊதிவிட ஆள் வைத்தார்கள். தோட்டத்தில் கல்யாணத் தரகுக்குத் தினக்கூலி கிடைத்த காலம் அது. ஆப்பிரிக்காவில் இதே வேலையை ஒரு குட்டிக் கூன்வண்டு சும்மாவே செய்கிறது என்று கண்டுபிடித்து, 1981-ல் கேமரூன் வண்டை மலேசியாவில் விட்டார்கள். ஆண்பூவிலேயே தின்று, அங்கேயே முட்டையிட்டு, வாசனையில் ஏமாந்து பெண்பூவுக்கும் ஒரு நடை போய்வரும். பெரட்டு இல்லை, கிராணி இல்லை, சங்கம் இல்லை. தூள் ஊதும் வேலை ஒழிந்தது. கீழே சிதறும் உதிரிப்பழத்தைப் பொறுக்க மட்டும் இன்னும் எந்த நாட்டிலும் வண்டு அகப்படவில்லை.