சான்று தேவை

ஆரணியில் பட்டு அசலா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. யாரும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தின் நீர்க்கடிகாரக் கட்டுரைக்கு அந்த வசதி இல்லை. 'உலகிலேயே முதலில் செய்தவன் தமிழன்' என்கிறது ஒரு வரி. சான்று, ஒரு பத்திரிகைத் துணுக்கு. துணுக்குக்குச் சான்று, இதே கட்டுரை! எகிப்தின் கார்னாக் கோயிலில் கிடைத்த கி.மு. 14-ஆம் நூற்றாண்டு நீர்க்கடிகாரத்துக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. முல்லைப்பாட்டில் குறுநீர்க் கன்னல் என்னும் நீர்க்கடிகாரம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை ஒருவரும் சேர்க்கவில்லை. பெருமைக்கு அது போதாதாம்.

அடியில் துளையிட்ட நாழிகை வட்டில் நீர் ஏறி மூழ்க 24 நிமிடம். அந்த 'முதலில் செய்தவன்' வரியை நீக்கினேன். வட்டில் பாதி நிறைவதற்குள், மூன்று ஆச்சரியக்குறிகளோடு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.