தொப்பையும் இரைப்பையும்

என் தொப்பையை நம்பித்தான் எங்கள் தெரு என்னைக் களத்தில் இறக்கியது. போளூரில் காணும் பொங்கலன்று கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், உறியடி எல்லாம் முடிந்து கடைசியாக இட்லிப் போட்டி. 10 நிமிடம், யார் அதிகம் தின்கிறாரோ அவருக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். "அண்ணன் இருக்கச்சொல்ல வேற யாருக்குப்பா கேரியரு?" என்று பையன்கள் என்னைக் கேட்காமலே பேரை எழுதிவிட்டார்கள். நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுக்கு உட்கார்ந்தால் ஒன்பதரைக்குள் 14 இட்லி இறக்கும் ஆள் நான். பேப்பரில் பக்கத்துக்கு ஒன்று. ராசிபலன் பக்கத்துக்கு மட்டும் இரண்டு.

எனக்கு எதிரில் உட்கார்ந்தவர் ரிடையரான பஸ் கண்டக்டர். போளூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் முப்பது வருஷம் மலை ஏறி இறங்கியவர். சட்டைக்குள்ளே ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்க வேண்டிய உடம்பு. எனக்கே பரிதாபமாகிவிட்டது. "மெதுவா சாப்பிடுங்க மாமா, அவசரமே இல்ல" என்றேன். "சரி தம்பி" என்றார்.

விசில் ஊதியது. நான் முதல் இட்லியைத் தேங்காய்ச் சட்னியில் புரட்டி, உப்பு சரியாக இருப்பதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி முடிப்பதற்குள் மாமா மூன்றை முடித்திருந்தார். இட்லியை இரண்டாகப் பிட்டார். சாம்பாரில் ஒரு முக்கு. தலை லேசாக நிமிர்ந்தது. தொண்டைக்குழி ஒருதரம் ஏறி இறங்கியது. தாடை அசையவே இல்லை! அதற்குள் இடது கை அடுத்ததைப் பிட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டில் இடது கை படக்கூடாது என்கிற சாஸ்திரத்தை மனிதர் 10 நிமிடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்.

எனக்கு ஆறாவது இட்லியில் வாய் வறண்டது. ஆறிப்போன இட்லிக்கு எச்சில் என்றால் உயிர். இருந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு பழையபடி மாவாகிவிட்டது. இன்னொரு தரம் வேகவைத்திருக்கலாம். ஒன்பதாவது கன்னத்தில் இருக்கும்போது கடைசி விசில். மாமா 22. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் வயிற்றில் அப்போதும் ஐந்து இட்லிக்கு இடம் இருந்தது. போய்ச் சேரத்தான் வழி இல்லை.

"எப்படி மாமா?" என்றேன், மாவு தெறிக்க.

"ஸ்டாண்டுல வண்டி கொஞ்ச நேரந்தான் நிக்கும் தம்பி. அதுக்குள்ள கணக்கு எழுதணும், கை கழுவணும், டீ குடிக்கணும். டிரைவர் ஆரன் அடிக்கறதுக்குள்ள நாலு இட்லி உள்ள போயிடணும். முப்பது வருசம்பா!"

தோற்றவனுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை வந்துவிடும். அன்று ராத்திரியே உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் கோனி ஐலண்ட் என்ற இடத்தில் ஜூலை 4 தோறும் ஹாட்டாக் தின்னும் போட்டி நடக்கிறது. 2001இல் கோபயாஷி என்ற ஒல்லியான ஜப்பான்காரர் வந்து 12 நிமிடத்தில் 50 தின்றார். அதுவரை இருந்த சாதனை இருபத்தைந்து சொச்சம். தொப்பைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அதையும் மெதுவாகத்தான் பிளந்திருப்பார்கள். அவர் செய்தது இவ்வளவுதான்: இறைச்சியைப் பாதியாக ஒடித்தார், ரொட்டியைத் தண்ணீரில் முக்கி விழுங்கினார். சாட்சாத் கண்டக்டர் மாமா!

விழுங்கினால் போதுமா, வயிறு வேண்டாமா என்று என் தரப்பு வக்கீலாக நானே எழுந்து நின்றேன். அதற்கும் பதில் இருந்தது. 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு போட்டிக்காரரையும் ஒரு சாதாரண ஆளையும் எக்ஸ்ரே முன்னால் நிறுத்தி ஹாட்டாக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண ஆள் 7லேயே கும்பிடு போட்டார். மற்றவர் 10 நிமிடத்தில் 36. போதும்யா என்று டாக்டர்களே நிறுத்தினார்கள். அவருடைய இரைப்பை பலூன் மாதிரி விரிந்துகொண்டே போனதாம், நிறைந்துவிட்டது என்ற தகவலே மேலே வரவில்லையாம். ஆக, விரிய வேண்டியது இரைப்பை. நான் இத்தனை வருஷம் வளர்த்தது தொப்பை. இரண்டும் 'பை'யில் முடிகின்றன என்பதோடு உறவு சரி. தொப்பைக் கொழுப்பு சுற்றி நின்று இரைப்பையை விரியவிடாது என்று ஒரு கட்சியும் இருக்கிறது. அதை என் மனைவியிடம் சொல்லவில்லை.

நம் ஊர்ப் பெருந்தீனிக்குக் கடிகாரமே கிடையாது. பகாசுரனுக்கு வண்டி வண்டியாகச் சோறு போனது, நேரம் பார்த்தது யார்? 'வெண்ணிலா கபடிக்குழு' படத்தில் சூரி புரோட்டாவுக்கு உட்கார்ந்ததும் எண்ணிக்கைக்குத்தான். கணக்குக்குப் போட்ட கோட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து எண்ணச் சொல்ல முடிந்தது. கடிகாரத்தை யார் அழிப்பது? அது பந்தயம், இது போட்டி. பந்தயம் என்றால் நான் இன்றைக்கும் தயார்.

ஆனால் மெல்லாமல் விழுங்கும் வித்தை நம் வீட்டுடையதுதான். எங்கள் ஆயா கேழ்வரகுக் களி கிண்டிப் போடும்போது நான் மென்றால் தலையில் குட்டுவார். "களிய எவனாவது மெல்லுவானாடா? பிட்டு, கொழம்புல தொட்டு, முழுங்குடா!" கருவாட்டுக் குழம்பில் வழுக்கிக்கொண்டு அது தானாக இறங்கும். கோபயாஷி பிறப்பதற்கு முன்பே போளூர்ப் பக்கம் அத்தனை வீட்டிலும் இந்தப் பயிற்சி நடந்திருக்கிறது. எனக்குத்தான் அரிசி இட்லியும் பேப்பரும் வந்து தொண்டை கெட்டுவிட்டது.

களி வழுக்கும், இட்லி வழுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஓணத்தின்போது பாலக்காட்டுப் பக்கம் வாளையாறில் இட்லிப் போட்டியில் ஒருவருக்குத் தொண்டையில் அடைத்து உயிரே போய்விட்டது. இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அடுத்த வருசம் கேசரி வெக்கச் சொல்லு" என்றார்.

போட்டிக்கென்று அவித்ததில் பாதிக்குமேல் மீந்துபோனது. என் கணக்கில் வைத்திருந்ததுதான் அதிகம். வீட்டுக்கு வீடு பங்கு போட்டார்கள். மறுநாள் காலை தெரு முழுக்க இட்லி உப்புமா வாசனை. மனைவி எனக்கு ஒரு தட்டு நிறைய வைத்துவிட்டுக் கேட்டாள்: "பேப்பர் வந்துடுச்சா?"

வந்திருந்தது. எட்டு மணிக்கு உட்கார்ந்தேன்.