கப்பலில் வந்த அம்மி

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மூத்தது அம்மி. 1967-ல் அம்மா மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறும்போது இடுப்பில் என் அண்ணன், கையில் ஒரு தகரப்பெட்டி, கூடவே சாக்கில் சுற்றிக் கட்டிய அம்மிக்கல். அப்பாவுக்கு ஆத்திரம். "அந்தமான்ல கல்லே இல்லன்னு எவன் சொன்னான்?" என்று கத்தியிருக்கிறார். "கல்லு இருக்கும். எங்க ஆத்தா அரைச்ச கல்லு இருக்குமா?" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மூன்று நாள் கடலில் கப்பல் ஆடிய ஆட்டத்துக்குப் பக்கத்து பங்க்கில் இருந்தவர்களெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்க, அம்மா மட்டும் இரண்டு காலாலும் அம்மியை அண்டக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இந்தக் கதையைப் பரமக்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

போர்ட் பிளேரிலிருந்து எங்கள் தீவான பாராடாங் வர அப்போது சாலை கிடையாது. படகுதான். காட்டிலாகாவின் மரம் வெட்டும் முகாமில் அப்பாவுக்குக் கூலி வேலை. அங்கே ராஞ்சிக்காரர்கள்தான் அதிகம். சோட்டா நாக்பூரிலிருந்து மர வேலைக்கென்றே கூட்டிவரப்பட்டவர்கள். வெட்டிய மரத்தை யானைகள் கரைக்கு இழுத்து வரும். கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி, படகு வைத்து இழுத்துப்போய், 1883-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சாத்தம் மர ஆலையில் சேர்ப்பார்கள்.

ஆலைக்கு ஆகாத ஓரப்பலகைகளில்தான் எங்கள் வீடு எழுந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கட்டைக் கால்கள், மேலே பலகைத் தளம், பலகைச் சுவர், தகரக் கூரை. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊர். மே மாதம் பிடிக்கிற மழை டிசம்பர் வரைக்கும் விட்டு விட்டு அடிக்கும். தகரத்தில் மழை விழும்போது வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அம்மா கையைக் காட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுவாள்.

அந்த வீட்டில் அப்பா செய்த பெரிய மரச்சாமான், ஒரு படாக் பெஞ்சு. ராஞ்சிக்காரத் தச்சர் ஒருவர் கூட இருந்து இழைத்துக் கொடுத்தார். ஆறடி நீளம், நாலு விரல் கனம், ஒரே பலகை. படாக் என்பது அந்தமானுக்கே உரிய மரம். நம்மூர் வேங்கைக்கும் ஆந்திரத்துச் செம்மரத்துக்கும் ஒரே குலம். புதிதாக அறுக்கும்போது குங்குமத்தைக் குழைத்துப் பூசியதுபோல் சிவந்திருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு, ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து, மெல்லப் பழுப்பேறும். எங்கள் பெஞ்சு இப்போது பழைய பனைவெல்லத்தின் நிறத்தில் இருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு பள்ளம் உண்டு. அண்ணனும் நானும் கொட்டைப்பாக்கை வைத்து உடைத்து உடைத்து விழுந்த பள்ளம். நடுவில் ஒரு கணு. அதைச் சுற்றி மரத்தின் வரி ஆற்றில் சுழி விழுந்த மாதிரி வளைந்து போகும். அந்தச் சுழியில் விரலை ஓட்டிக்கொண்டேதான் நான் வாய்ப்பாடு படித்தேன். அடியில் குனிந்து பார்த்தால் இழைப்புளி படாத இடத்தில் ரம்பத்தின் பல் வரிசை இன்னும் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சை நான் நேசிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். என் மனசெல்லாம் மெயின்லேண்டில் இருந்தது. எட்டு வயதில் ஒருமுறை ஊருக்குப் போனபோது மாமா வீட்டில் பளபளவென்று சன்மைக்கா ஒட்டிய மேசையும், அமுங்கி எழும்புகிற சோபாவும் பார்த்தேன். அதுதான் வீடு, எங்களுடையது முகாம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அம்மாவின் கனவு வேறு. அவளுடைய அம்மா காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் வேலை பார்த்தவர். பர்மாத் தேக்குத் தூண்களை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து விளையாடிய பிள்ளை அம்மா. "அந்தத் தேக்கும் இந்தக் கடல் மேலதான் வந்துச்சு" என்பாள். கடலுக்கு இந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவிலேயே இருந்துகொண்டு அவள் அந்தத் தூண்களுக்கு ஏங்கினாள்.

நான் நேசித்தது என் ஷோகேசைத்தான். மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டிக்கு முன்னால் கண்ணாடி மாட்டி அப்பா செய்து கொடுத்தது. உள்ளே சங்கு, சோழி, முத்துச்சிப்பி, வெளுக்க வைத்து உலர்த்திய பவளக் கிளைகள். அந்தக் காலத்தில் இந்தத் தீவுகளில் வாசல் திறந்ததும் கண்ணில் படுவது இப்படியொரு கண்ணாடிப் பெட்டியாகத்தான் இருக்கும். மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் போகும்போது இரண்டு சிப்பி கட்டிக் கொடுப்பது மரியாதை. என் பெட்டியில் நடுநாயகமாக இருந்தது ஒரு சுண்ணாம்புக் குச்சி. எங்கள் தீவிலேயே நயா டேராவுக்கு உள்ளே இருக்கும் சுண்ணாம்புக் குகைக்கு அண்ணனோடு டிங்கியில் போய், கூரையிலிருந்து தொங்கியதை உடைத்து எடுத்து வந்தது. ஒரு சாண் நீளம்.

அந்த ஒரு சாணின் கணக்கு வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மழைநீர் மண்ணில் இறங்கி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வந்து, குகைக் கூரையில் சொட்டாக நின்று, சொட்டுக்குச் சொட்டு ஒரு துளிச் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகிறது. நூறு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. அப்படியென்றால் என் பெட்டியில் கிடந்தது இரண்டாயிரம் ஆண்டு. வள்ளுவர் காலத்தில் சொட்ட ஆரம்பித்த தண்ணீரை ஒரு மதிய நேரத்தில் ஒடித்துக் கொண்டுவந்து பொம்மைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கை பட்டாலே போதும், தோலின் எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொண்டு அந்த இடத்தில் சுண்ணாம்பு படியாது, கறுத்துவிடும். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நெஞ்சில் ஒரு முள்.

1990-களில் எங்கள் வீடு மாறியது. அதற்குள் அந்தமான் டிரங்க் ரோடு வந்துவிட்டது. சாலை வழியே சிமென்ட் வந்தது, பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அண்ணன் கல்யாணத்துக்காக முன்கட்டைச் சிமென்ட் கட்டிடமாக எழுப்பினோம். சன்மைக்கா மேசையும் சோபாவும் கப்பலில் வந்திறங்கின. ஜெட்டியிலிருந்து அவற்றைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தேன். படாக் பெஞ்சு பின்கட்டுக்குப் போய், அங்கிருந்து ஆட்டுக் கொட்டகைக்குப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலமானால் கொட்டகைக்குப் போய் அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். 1996-ல் அவரைக் கிடத்த நீளமான இடம் தேடியபோது, அந்தப் பெஞ்சைத்தான் கழுவித் தூக்கி வந்தார்கள்.

சோபா நான்கு மழைக்காலம் தாங்கவில்லை. உள்ளே இருந்த பஞ்சு ஈரம் குடித்து நாறியது. சன்மைக்கா உப்புக் காற்றில் ஓரம் பிரிந்து வாழை மட்டைபோல் உரிந்து வந்தது. தூக்கிப் போட இடம் கிடையாது. கப்பலில் வருகிற எதுவும் தீவிலிருந்து கப்பலில் திரும்பிப் போவதில்லை. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் இன்றும் எங்கள் ஓடை ஓரத்தில், கண்டல் வேர்களுக்கு நடுவே சேற்றில் நிற்கின்றன.

2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணிக்கு பூமி ஆடியது. சிமென்ட் முன்கட்டில் மூலைக்கு மூலை விரிசல். அம்மாவின் பலகை அடுக்களை கப்பல்போல் முனகி ஆடி நின்றுவிட்டது. ஷோகேஸ் கவிழ்ந்து கண்ணாடியும் பவளமும் ஒன்றாக நொறுங்கிக் கிடந்தன. பொறுக்கி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2001-ல், பவளங்களையும் பலவகைச் சங்கு சிப்பிகளையும் அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்திருந்தது. எங்கள் வீட்டு அழகெல்லாம் சட்டப்படி குற்றமாகியிருந்தது. சட்டம் சரி என்றே நினைக்கிறேன். உயிரோடு இருந்த பூச்சியைக் கொன்றுதானே அந்தக் கூட்டை வெளுக்க வைத்தோம். எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக் கடலில் போட்டோம். சுண்ணாம்புக் குச்சியும் மூன்று துண்டாகியிருந்தது. அதைக் குகை வாசல் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். ஒட்டாது என்று தெரியும். வேறெங்கே வைப்பது?

மரத்தின் கதை இன்னும் பெரிது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. மரம் வெட்டுவது உள்ளூர்த் தேவை அளவுக்குச் சுருங்கியது. தீவிலிருந்து வெளி மாநிலத்துக்கு மரம் போவது நின்றது. அப்பா கையால் வெட்டித் தள்ளிய படாக் எந்தெந்த ஊர் வீடுகளில் கட்டிலாக, கதவாக நிற்கிறதோ. அதே தீர்ப்பு, ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகும் சாலையையும் மூடச் சொன்னது. சாலை இன்னும் ஓடுகிறது.

1957-லேயே அந்தக் காடு ஜாரவாக்களின் காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன் ஊடாகத்தான் சாலை போட்டார்கள். சிறுவயதில் 'ஜாரவா அம்பு' என்று சொல்லித்தான் எங்களை இருட்டியதும் உள்ளே இழுப்பார்கள். எங்கள் தீவில் மண் எரிமலை இருக்கும் ஊரின் பெயரே ஜாரவா கிரீக். பெயரை வைத்துக்கொண்டோம், ஆட்களைப் பற்றி யோசிக்கவில்லை. 1997 கடைசியில் அவர்கள் கதம்தலா பக்கம் பகைமையில்லாமல் வெளியே வந்தபோதுதான், நாங்கள் காடு என்று சொன்னது இன்னொருவருடைய வீடு என்பது எனக்கு உறைத்தது. அடுப்பும் படுக்கையும் கூடையும் வில்லும் தேன் குடுவையும், அவர்கள் தங்கள் கையால் செய்து வைத்துக்கொண்ட பொருள்கள் நிறைந்த வீடு. இன்று விடிவதற்கு முன்பே ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. போலீஸ் காவலோடு கான்வாயாக அந்த வீட்டின் நடுவே ஓடி, மிடில் ஸ்ட்ரெயிட்டில் வெஹிக்கிள் ஃபெரி ஏறி, நீலாம்பூர் ஜெட்டிக்கு வருகின்றன. அம்மாவுக்கு மாரடைப்பு வந்தபோது அதே சாலையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அதனால் சாலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கண்ணாடியை இறக்கி, கேமராவை நீட்டி, பிஸ்கட் பாக்கெட்டை எறிகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உங்கள் வீட்டு வாசலில் வந்து யாராவது அப்படிச் செய்தால் விடுவீர்களா?

அம்மா பிழைத்து வந்ததும் முதல் வேலையாகப் பெஞ்சை முன்கட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க, ஆட்டுப் புழுக்கைக்கும் அழுக்குக்கும் அடியிலிருந்து அந்தச் சுழி மேலே வந்தது. அன்றுதான் அதை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சன்மைக்கா கடையிலிருந்து வந்தபோதே முழுசாக வந்துவிட்டது. அதற்குமேல் அதில் சேர ஒன்றுமில்லை, தேயத்தான் முடிந்தது. பெஞ்சில் அப்பாவின் வெற்றிலைக் கறை சேர்ந்தது, அண்ணனின் பாக்குப் பள்ளம் சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடி போயிருந்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். இடித்த செட்டியார் வீடுகளின் கதவு, நிலை, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் வாசலில் அடுக்கிக் கிடந்தன. அம்மா கட்டிப் பிடித்த தூணும் இப்படி எங்கேயாவது விலைக்குப் போயிருக்கலாம். ஒரு பெரிய அம்மிக்குழவி தனியாகக் கிடந்தது. அம்மி வேறெங்கோ போயிருக்கிறது. எனக்கு அந்தத் தெருவில் நிற்க முடியவில்லை. பழமை பிடிக்கும் என்று வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. தூக்கி எறிவதைவிட அது நல்லது. ஆனாலும் அந்தக் குழவியை யார் கை எத்தனை வருஷம் பிடித்துத் தேய்த்ததோ, அது விலைச்சீட்டில் இல்லை.

போன தைக்கு ஒரு குடும்பம் குகை பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள், நல்ல மனிதர்கள். பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன விலை சொன்னாலும் தர்றோம்க்கா, எங்க புது வீட்டு வராண்டாவுக்கு அவ்வளவு அழகா இருக்கும்" என்றார் அந்தப் பெண். நான் பதில் சொல்வதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: "வனத்துறை சீட்டு இல்லாம மரச்சாமான் கப்பலேறாது தாயி. சீட்டு இருந்தாலும் இது ஏறாது. நீ உக்காந்து சாப்பிடு."

அந்தப் பெண் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். பூவாலி மீன் குழம்பு. மசாலா அந்த அம்மியில் அரைத்தது. போகும்போது அவருடைய பிள்ளை கையை விரித்துக் காட்டினான். குகை வழியில் எடுத்த ஒரு சுண்ணாம்புச் சில்லு. அவனை அழைத்துப்போய் ஜெட்டியில் படகுக்காரரிடம் கொடுத்து, திரும்பக் குகைப் பக்கம் போட்டுவிடச் சொன்னேன். பையன் அழவில்லை, ஏன் என்று கேட்டான். என் ஒரு சாண் கதையைச் சொன்னேன்.

பாராடாங் வருகிறவர்களிடம் எனக்குக் கேட்க வேண்டியது இவ்வளவுதான். காட்டு வழியில் வண்டியின் கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். குகைச் சுவரில் கை வைக்காதீர்கள். கரையில் கிடப்பது கரையில் கிடக்கட்டும். நீலாம்பூரில் இறங்கினால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பெஞ்சில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம்.