சீல் பிரிக்காத செல்வர்

வாங்கிய பொருளை உடனே பிரித்து அனுபவித்துவிடுவது பாமரர் குணம். ஒன்றுக்கு ஆசைப்பட்டு, மாதக்கணக்கில் தேடி, ஈபே ஏலத்தில் கடைசி நிமிடம் வரை கண்விழித்துப் போட்டி போட்டு, தபால் செலவும் கொடுத்து வரவழைத்து, வந்து சேர்ந்தபின் அதன் மேலுள்ள பிளாஸ்டிக் காகிதத்தில் நகம்கூடப் படாமல் பார்த்துக்கொள்ளத் தனி மனவுறுதி வேண்டும். அந்தக் காலத்து முனிவர்கள் புலனடக்கம் பழகக் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நம் அன்பருக்கு அந்தச் சிரமம் இல்லை. பெரிய டிவியும் டிவிடி பிளேயரும் இருக்கிற அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் டொனால்ட் டக்கை அடுக்கி வைத்துக்கொண்டு, இருபது வருடமாக ஒருமுறைகூடச் சிரிக்காமல் காலம் தள்ளியிருக்கிறார். மேனகை வந்ததும் விசுவாமித்திரரின் தவம் கலைந்தது. இவருடைய தவம், மிக்கியும் மின்னியும் ஜோடியாக வந்தும் கலையவில்லை.

டிஸ்னியின் பழைய கார்ட்டூன்களைத் தகரப்பெட்டி டிவிடிகளாகச் சேர்க்கும் அமெரிக்க அன்பரைத்தான் சொல்கிறேன். ஒருவரா இருவரா, ஒரு தலைமுறையே இருக்கிறது. 2001 டிசம்பரில் அந்த நிறுவனம் ‘வால்ட் டிஸ்னி ட்ரெஷர்ஸ்’ என்ற வரிசையைத் தொடங்கியது. வெள்ளி நிறத்தில் தகரப் பெட்டி, மூடியில் புடைப்பு எழுத்து, உள்ளே டிஸ்க்குகள், ஒரு சிறு புத்தகம், கூடவே ‘இது அசல்தான்’ என்று சொல்ல ஒரு சான்றிதழ். படங்களுக்கு முன்னுரை சொல்ல, திரைப்பட விமர்சகர் லியோனார்ட் மால்டின். மிக்கி, கூஃபி, புளூட்டோ, டொனால்ட், ‘சில்லி சிம்ஃபனீஸ்’ என்று 2009 வரை தவணை தவணையாக வந்தது. எல்லாம் லிமிடெட் எடிஷன். பெட்டிக்குப் பெட்டி வரிசை எண் உண்டு.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஆரம்பத் தவணைகளில் ஒவ்வொரு தலைப்பிலும் லட்சத்துக்கு மேல் பெட்டிகள் போட்டார்கள். அதாவது, ஒரு நகரத்தையே குடிவைக்கும் அளவுக்கு அபூர்வம். அதில் எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம் என்ற எண் தனக்குக் கிடைத்ததை அன்பர் சொல்லும்போது, கேட்பவருக்கே மெய்சிலிர்க்கும். எண்பத்து நாலாயிரம் பேர் தனக்கு முன்னால் வாங்கியிருக்கிறார்களே என்று சோர்ந்துபோகிற சின்னப் புத்தி அவருக்குக் கிடையாது. தனக்குப் பின்னால் எத்தனை பேர் என்றுதான் அவர் கணக்குப் பார்ப்பார்.

நிறுவனத்தையும் பாராட்டாமல் விடக்கூடாது. தங்கம் அரிதாக இருப்பதற்குப் பூமி காரணம். டிவிடி அப்படியல்ல. ஒரு அச்சுத் தகடு தயாராகிவிட்டால், உருக்கிய பாலிகார்பனேட்டை ஊற்றி வினாடிக் கணக்கில் டிஸ்க் அடித்துத் தள்ளலாம். முடிவே இல்லாமல் அடிக்கலாம். அப்படிப்பட்ட பொருளுக்குத் தட்டுப்பாடு உண்டாக்குவது எளிய காரியமா? அவர்களுக்கு இதில் பழக்கம் உண்டு. ‘ஸ்னோ ஒயிட்’டை 1944-இல் மறுபடி திரைக்குக் கொண்டுவந்து லாபம் பார்த்த நாளிலிருந்து, ஒரு படத்தைச் சில வருடம் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால் அதற்கே ஒரு மவுசு வந்துவிடும் என்று கண்டுகொண்டார்கள். வீடியோ காலத்தில் அதற்குப் பெட்டகம் என்றே பெயர் வைத்தார்கள். ‘இன்றோடு கடைசி, நாளை பெட்டகத்துக்குள் போய்விடும்’ என்று விளம்பரம் வரும். அன்பர் ஓடுவார். சில வருடம் கழித்து அதே படம் புதுச் சட்டை போட்டு வெளியே வரும். மறுபடி ஓடுவார். வீடியோ கேசட், லேசர் டிஸ்க், டிவிடி, புளூரே என்று ஒரே வாத்தை நாலு தடவை விலை கொடுத்து வாங்கியவர் அவர். வாத்து ஒரு தடவைகூடப் புகார் சொன்னதில்லை.

பார்சல் வந்து சேரும் நேரம்தான் பார்க்க வேண்டிய நேரம். அட்டைப் பெட்டியைக் கத்தி படாமல், டேப்பை மட்டும் உரித்துத் திறப்பார். தகரப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்து, ஓரங்களில் விரல் வைத்து நாலு பக்கமும் ஒரு சுற்று வருவார். மூலையில் அரிசி அளவு நசுங்கல் தட்டுப்பட்டால் முகம் செத்துவிடும். அன்றே திருப்பி அனுப்பக் கடிதம் போகும். டொனால்ட் படத்துக்குப் படம் அடி வாங்குவான், உருண்டு விழுவான், தலையில் இரும்பு விழுந்து சப்பையாவான். அவன் இருக்கிற பெட்டியில் மட்டும் ஒரு சின்ன நசுங்கல் இருக்கக் கூடாது. இதைவிட அந்த வாத்துக்கு யார் மரியாதை செய்ய முடியும்?

அவருடைய ஞானத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’ 1929 என்பார். வரைந்தவர் அப் ஐவர்க்ஸ், இசை கார்ல் ஸ்டாலிங். ‘ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ 1932 என்பார். மூவண்ண டெக்னிகலரில் வந்த முதல் கார்ட்டூன், அனிமேஷன் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கர். 1937-இல் வந்த ‘தி ஓல்ட் மில்’ படத்தில், கண்ணாடித் தளங்களில் தீட்டிய காட்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கி, மேலிருந்து படம்பிடிக்கும் மல்டிபிளேன் கேமராவைப் பயன்படுத்தினார்கள் என்று மூச்சு விடாமல் சொல்வார். புயலடிக்கும் அந்தப் பாழடைந்த காற்றாலைக்குள் பறவையும் வௌவாலும் என்ன பாடுபடுகின்றன என்று கேளுங்கள். அது டிஸ்க்கில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்பார்.

‘ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ படத்தை முதலில் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்ணம் கைக்கு வந்ததும், அதுவரை செய்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்யச் சொன்னார் வால்ட் டிஸ்னி. இன்னொன்றும் உண்டு. மை தீட்டும் பிரிவில் பெண்கள் ஒவ்வொரு சட்டத்துக்கும் செல்லுலாய்டுத் தாளில் கோடு இழுத்து, பின்பக்கம் வண்ணம் பூசிக் கொடுப்பார்கள். கேமராவுக்கு அடியில் ஒரு நொடி இருந்துவிட்டால் அந்தத் தாளின் வேலை முடிந்தது. அந்த ஆரம்ப நாட்களில், சித்திரத்தைக் கழுவிவிட்டு அதே தாளை அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். செல்லுலாய்டு விலை அப்படி. எவ்வளவு பொறுப்பில்லாத ஜனங்கள்! கையால் தீட்டிய மூலச் சித்திரத்தையே தண்ணீர் விட்டு அழித்தார்கள். நம் அன்பரோ பெட்டிமேல் ஒட்டிய விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காதவர். அந்தக் கலைஞர்களுக்கு இவரிடம் கொஞ்சம் பயிற்சி கிடைத்திருந்தால் மிக்கி மவுஸ் இவ்வளவு தூரம் ஓடியிருக்க மாட்டான். முதல் தாளிலேயே பத்திரமாக நின்றிருப்பான்.

இந்தப் படங்கள் யாருக்காக எடுக்கப்பட்டன என்பது வேறு விஷயம். பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்தவர்கள் சில சென்ட் கொடுத்துத் தியேட்டருக்குள் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய படத்துக்கு முன்னால் ஏழெட்டு நிமிடம் ஓடியது கார்ட்டூன். 1933-இல் ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’ வந்தபோது ஓநாய்ப் பாட்டை நாடே முணுமுணுத்தது. ஆயிரம் பேர் ஒரே இருட்டில் ஒரே நேரத்தில் சிரித்த சத்தத்தை அன்பர் அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். இனி யாருக்கும் தொந்தரவில்லை.

குழந்தைகளிடமிருந்து கார்ட்டூனைக் காப்பாற்றிய புண்ணியமும் அவரையே சேரும். அந்த வயதுப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஜாம் ஒட்டிய விரலால் டிஸ்க்கைப் பிடிப்பார்கள். ஒரே படத்தை ஒரு நாளில் ஒன்பது தடவை போடுவார்கள். உறை ஒரு பக்கம், டிஸ்க் சோபாவுக்கு அடியில். கடைசியில் கீறல் விழுந்து, கூஃபி பனிச்சறுக்கில் பாதி குதித்து அந்தரத்தில் நின்றுபோவான். தொண்டைமானின் ஆயுதச்சாலைக்குப் போன ஔவையார், அங்கே மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று காவலில் இருந்த வேல்களைப் புகழ்ந்துவிட்டு, அதியமானின் வேல்கள் முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் சொல்லிவிட்டு வந்தாராம். தொண்டைமானுக்கு அது உறைத்ததோ என்னவோ. நம் அன்பரிடம் அந்தப் பேச்சு செல்லாது. அவர் ஔவையாரை அலமாரி வரை விடவே மாட்டார்.

வரிசையில் இடைவெளி விழக் கூடாது என்பது இன்னொரு விரதம். 2008-இல் இதே தகரப்பெட்டியில் ‘டாக்டர் சின்’ என்ற பழைய தொடர் வந்தது. அது கார்ட்டூனே அல்ல. மனிதர்கள் நடித்த கடத்தல்காரர் கதை. 39,500 பெட்டிதான் போட்டார்கள். சில வாரங்களில் தீர்ந்துபோனது. பொம்மைப்படப் பிரியரான நம் அன்பரிடமும் ஒன்று இருக்கிறது. ஏன் என்று கேட்டால் எண்ணிக்கையைச் சொல்வார். அதற்கு மேல் காரணம் கேட்பவருக்குக் கலை தெரியாது.

இவரைப் போன்ற அன்பர்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு டாம் அண்ட் ஜெர்ரி சாட்சி. வார்னர் நிறுவனம் 2011-இல் ‘கோல்டன் கலெக்‌ஷன்’ முதல் தொகுதியை வெளியிட்டது. 2013-இல் இரண்டாவது வருவதாக அறிவிப்பு வந்தது. அதில் ‘மவுஸ் கிளீனிங்’, ‘கசனோவா கேட்’ என்ற இரண்டு படங்கள் இல்லை. கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் காட்சிகள் உள்ளவை. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கான தொகுப்பில் ஒரு எச்சரிக்கை வாசகம் போட்டு வரலாற்றை முழுசாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் முடிவு என்ன? தொகுதியே நின்றுபோனது. இரண்டு படம் குறைந்த பெட்டி வீட்டுக்கு வருவதைவிட எந்தப் படமும் வராமல் இருப்பது மேல் என்ற கொள்கைக்குக் கிடைத்த முழு வெற்றி அது. அலமாரியில் அந்த இடம் இன்னும் காலியாக, ஒரு நசுங்கல்கூட இல்லாமல் இருக்கிறது.

டிஸ்க்கும் சாகும் பிறவிதான். இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே மெல்லிய உலோகப் பூச்சு. ஒட்டியது சரியில்லை என்றால் உள்ளேயே கெட்டுப்போகும். வார்னர் நிறுவனத்துக்காக 2006 முதல் 2008 வரை அச்சான டிவிடிகளில் பல இப்படி ஓடாமல் போனதை அந்த நிறுவனமே 2025-இல் ஒப்புக்கொண்டது. போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது; அவர்கள் மனம் உடைந்தார்கள். சீல் பிரிக்காதவரின் டிஸ்க் கெட்டுப்போகவே முடியாது. பிரித்தால்தானே தெரியும்?

2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் வந்தபோது அன்பருக்கு நிஜமாகவே துக்கம். மாதச் சந்தா கட்டுகிறவன் எவனும் பெட்டகத்துக்குள் கையை விடலாம் என்று ஆகிவிட்டதே! ஆனால் விரைவில் தேறிக்கொண்டார். அந்தத் தளத்தில் இல்லாத பழைய குறும்படங்கள் நிறைய உண்டு. தகரப் பெட்டியில் மட்டும் இருப்பவையும் உண்டு. அவற்றை யாருக்காவது போட்டுக் காட்டும் அற்பத்தனத்துக்கு அவர் இறங்கவில்லை. இருக்கிறது என்று சொல்வார். அது போதாதா?

ஆஸ்வால்ட் என்ற முயலின் கதையை மட்டும் அவரிடம் கேட்டே ஆக வேண்டும், சுவையாகச் சொல்வார். மிக்கி பிறக்கும் முன் டிஸ்னி உருவாக்கிய பாத்திரம். 1928-இல் அதைப் பறிகொடுத்தார். உரிமை யுனிவர்சலிடம் இருந்தது. 2006-இல் டிஸ்னி நிறுவனம் தன் ஏபிசி, ஈஎஸ்பிஎன் பக்கம் இருந்த விளையாட்டு வர்ணனையாளர் ஆல் மைக்கேல்ஸை, யுனிவர்சலோடு ஒரே குழுமமான என்பிசிக்கு விட்டுக்கொடுத்து அந்த முயலை மீட்டது. ஒரு ஆளைக் கொடுத்து ஒரு முயல். அடுத்த வருடமே தகரப் பெட்டி வந்தது. டிஸ்னி எடுத்த 26 ஆஸ்வால்ட் படங்களில் 13 மட்டும்தான் அதில் இருந்தன. மற்றவை அப்போது கிடைக்கவில்லை.

பிறகு சில கிடைத்தன. ‘எம்ப்டி சாக்ஸ்’ 2014-இல் நார்வே தேசிய நூலகத்தில் கிடைத்தது. அடுத்த ஆண்டு ‘ஸ்லே பெல்ஸ்’ பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் காப்பகத்தில். எப்படிக் கிடைத்தன? வேலையத்த யாரோ, காப்பகத்தில் கிடந்த பழைய பிலிம் சுருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். இந்த அவசரக்குணத்தை அன்பர் மன்னிக்கிறார். பழைய சுருளுக்கு வரிசை எண் கிடையாது, சான்றிதழ் கிடையாது. திறந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அவருக்கு ரசனையே இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆஸ்வால்ட் பெட்டியை அவர் இரண்டாக வாங்கினார்: வைத்துக்கொள்ள ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று. பார்ப்பதற்கென்று வாங்கியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் எடுத்து, பிரிக்கும் முன் இணையத்தில் விலை பார்த்தாராம். வாங்கிய விலைக்கு மேல் ஏறியிருந்தது. அந்த விலைக்கு ஒரு பெட்டியைக் கிழிப்பானா மனுஷன்? இப்போது மூன்றாவது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதை வந்த அன்றே பிரித்துவிடுவாராம், மூலை நசுங்கி வந்தால்.