ஏட்டையாவை மறக்காமலிருக்க எளிய வழிகள்

உங்கள் ஊரில் ஒரு நல்ல போலீஸ்காரர் இருந்தாரா? அவர் போன பிறகு, அவர் பேர் நிலைக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று டீக்கடையில் பேச்சு எழுந்திருக்கிறதா? நல்லது. ரசீது புத்தகம் அச்சடிக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். புனேவுக்கு ரயில் ஏறி, கடக்வாஸ்லா அணைக்கரையில் போய் இறங்குங்கள். எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்த சுட்ட சோளம் ஒன்று வாங்கிக் கடித்தபடி சுற்றிலும் பாருங்கள். ஒரு மனிதனைச் செத்த பிறகும் சாகாமல் பார்த்துக்கொள்ளும் வித்தைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஏரியின் ஒரு பக்கம் 1955 முதல் நடக்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமி. அங்கே படித்துப் போய்ப் போரில் மாண்ட அதிகாரிகளுக்கென்று உள்ளே ஒரு நினைவுக் குடில் உண்டு. மரியாதையான இடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அந்தப் பக்கம் போவதில்லை. வாயிலில் காவல் இருக்கிறது. கார், பைக், வேன் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போவது சிங்ககட் கோட்டைக்கு. 1670 பிப்ரவரி 4 இரவில் தானாஜி மாலுசரே அந்தக் கோட்டையைப் பிடித்து, அங்கேயே உயிரையும் விட்டார். முந்நூற்றைம்பது வருஷம் கழித்தும் அவரைத் தேடி இவ்வளவு பேர் போவானேன்? வீரத்துக்காக என்று நினைத்தால் உங்களுக்கு இந்தத் தொழிலில் அனுபவம் போதாது. உடும்புக்காக. யஷ்வந்தி என்ற உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டிச் செங்குத்துப் பாறையில் ஏற்றிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு படை ஏறியதாக ஊரெல்லாம் கதை. சரித்திரக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. வேனில் வருகிற குழந்தைகள் சரித்திரக்காரர்களை ஒப்புக்கொள்வதில்லை. “அப்பா, உடும்பு எந்தப் பக்கமா ஏறிச்சு?” என்றுதான் கேட்கின்றன.

ஆகவே முதல் விதி: கதையில் ஒரு பிராணி வேண்டும்.

இரண்டாவது விதியைக் கோட்டை மேலேயே கற்றுக்கொள்ளலாம். அங்கே தரையில் உட்கார்ந்து பிட்லா பாக்ரி விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கடலைமாவுக் கூழும் சுடச்சுடக் கம்பு, சோள ரொட்டியும். கூடவே சின்ன மண்சட்டியில் உறைய வைத்த தயிர், கவிழ்த்தாலும் விழாது. அந்தத் தயிரைச் சாப்பிட்டவன் மறுபடி வருவான். வந்தால் தானாஜி சிலைக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபியும் எடுப்பான். உங்கள் ஏட்டையா நினைவிடம் அமையப் போகும் இடத்துக்கு ஐம்பதடிக்குள் நல்ல வடைக்கடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். வடைக்கடையை மாற்ற முடியாது.

பிராணியும் பலகாரமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இங்கேயே இருக்கிறது. 1961 ஜூலை 12 அன்று மேலே பான்ஷெத் அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்து, புனே நகரத்துக்குள் ஆறு புகுந்தது. முந்தின இரவெல்லாம் ராணுவ ஜவான்கள் மழையில் நின்று மணல் மூட்டை அடுக்கினார்கள். பான்ஷெத் அணை நடு இரவில் போகாமல் விடிந்த பிறகு போனதற்கு அந்த மூட்டைகள்தான் காரணம். தூக்கத்தில் சாக இருந்தவர்கள் எழுந்து ஓட முடிந்தது. எத்தனை பெரிய காரியம்! ஆனால் மணல் மூட்டைக்குக் கண் கிடையாது, வால் கிடையாது. சோளம் கடிக்கிற கூட்டத்தில் அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

இனி போலீஸுக்கு வருவோம். இதே மலைத்தொடரில் தெற்கே போனால் சதாரா மாவட்டம், கேடம்பே கிராமம். துக்காராம் ஓம்ப்ளே பிறந்த ஊர். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, மும்பை போலீஸில் சேர்ந்து, உதவி சப்-இன்ஸ்பெக்டர் ஆனவர். 2008 நவம்பர் 26 இரவு, கிர்காவ் சௌபாத்தியில் பயங்கரவாதி கசாப் வந்த காரை மறித்தபோது அவர் கையில் இருந்தது ஒரு லத்தி. கசாப்பின் துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் பற்றினார். உடும்புப் பிடி. குண்டுகள் வயிற்றில் பாய்ந்தும் விடவில்லை. அவர் விடாததால் கூட இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள், கசாப் உயிரோடு பிடிபட்டான். 2009 குடியரசு தினத்தன்று அசோக சக்கரம் கொடுத்தார்கள். விழுந்த இடத்தருகே சிலையும் இருக்கிறது.

ஆனால் ஓம்ப்ளேக்குக் கிடைத்தவற்றில் எது அதிக நாள் உழைக்கும் என்று என்னைக் கேட்டால், சிலந்தியைச் சொல்வேன். தாணே, கல்யாண் பக்கம் கிடைத்த புதுவகைக் குதிக்கும் சிலந்தி ஒன்றுக்கு 2021-ல் ஆராய்ச்சியாளர்கள் ‘ஐசியஸ் துக்காராமி’ என்று பேர் வைத்தார்கள். இதன் வசதிகளை எண்ணிப் பாருங்கள். காக்காய் எச்சமிடாது. ஆட்சி மாறினால் பேர் மாறாது. மேம்பாலம் கட்ட இடைஞ்சல் என்று ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்து எடுத்துப் போய்க் குடோனில் போட முடியாது. தெருவுக்கு வைத்த பேரை மாற்ற ஒரு தீர்மானம் போதும். சிலந்திக்கு வைத்த பேரை மாற்ற எந்த நகராட்சிக்கும் அதிகாரம் இல்லை. உங்கள் ஊர்க் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் யாராவது இருந்தால் இப்போதே பழக்கம் பிடித்து வையுங்கள்.

இல்லை, எங்களுக்குச் சிலைதான் வேண்டும் என்கிறீர்களா? சரி. சிற்பியிடம் போகும்போது புகைப்படம் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் பயனில்லை. அவர் மனதில் ஏற்கெனவே ஒரு போலீஸ்காரர் இருக்கிறார். சிவாஜி கணேசன் ‘தங்கப்பதக்கம்’ படத்தில் இருந்த அளவுக்கு விறைப்பாக, ஆனால் சிவாஜி இல்லாமல். “மீசை இப்படி இருக்காதே மாமா” என்று ஏட்டையாவின் மருமகன் இழுப்பார். “சிலைக்கு இப்படித்தான் மாப்ளே, கீழே இருந்து பார்த்தா சரியா வரும்” என்று குழுத் தலைவர் அடக்கிவிடுவார். தொப்பையைச் சிற்பி தானாகவே கரைத்துவிடுவார். அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார். லத்தியை மட்டும் பித்தளையில் வார்க்க வேண்டாம். மூன்றாம் மாதம் அது பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும். காவலருக்கே காவல் போட வேண்டி வரும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். போலீஸ்காரர் நினைவில் நிற்க நல்ல திருடன் அமைய வேண்டும். சார்லஸ் சோப்ராஜை இரண்டு தடவை பிடித்தவர் மும்பை போலீஸின் மதுகர் ஜெண்டே: 1971-ல் ஒரு தரம், 1986 ஏப்ரலில் கோவாவில் ஓ கொக்கேரோ என்ற உணவகத்தில் மறுதரம். அந்த உணவகத்தில் இதன் ஞாபகமாக ஒரு சிலை வைத்தார்கள். யாருக்கு? சோப்ராஜுக்கு. மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட வருகிறவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஜெண்டே பேரில் முழுநீளப் படம் வர 2025 வரை ஆயிற்று. நம் பக்கத்துக் கணக்கும் இதே லட்சணம்தான். மலையூர் மம்பட்டியானுக்குப் படம் உண்டு, சீவலப்பேரி பாண்டிக்குப் படம் உண்டு; அவர்களைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்து செருப்புத் தேய்ந்த கான்ஸ்டபிளுக்கு என்ன உண்டு? பயணப்படி, அதுவும் பிடித்தம் போக.

மதுரைவீரன் ஒருவர் விதிவிலக்கு. திருமலை நாயக்கர் காலத்தில் அழகர்மலைப் பக்கத்துக் கள்ளர்களை அடக்க அனுப்பப்பட்டவர் என்கிறது கதை. அந்தக் கணக்கில் அவரும் சட்டம் ஒழுங்குதான். ஆனால் அவர் சாமியானது திருடர்களைப் பிடித்ததற்காக அல்ல. அரசாங்கமே அவரை மாறுகால் மாறுகை வாங்கியதற்காக. பிறகு மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே கோயிலும் வந்தது, சுருட்டும் சாராயமும் படையலாயின, 1956-ல் எம்.ஜி.ஆரும் வந்தார். மேலதிகாரிகளால் அநியாயம் செய்யப்படுவது நினைவு நிலைக்க நல்ல வழி என்பது தெரிகிறது. இதற்கு நம் துறைகளில் வாய்ப்புக்குக் குறைவில்லை.

இன்னொருவர் இருக்கிறார். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பி. சீனிவாஸ், வனத்துறை அதிகாரி, ராஜமுந்திரிக்காரர். வேலை பார்த்தது கர்நாடகத்தில், கோபிநத்தம் என்ற ஊரைச் சுற்றி. கர்நாடக எல்லைக்குள் இருந்தாலும் தமிழ் பேசும் ஊர். வீரப்பன் பிறந்த ஊர். 1986-ல் வீரப்பனைப் பிடித்து வைத்திருந்தார்கள், அவன் தப்பிவிட்டான். அதற்குப் பிறகு அந்த ஊருக்குள் போகிற எந்த அதிகாரிக்கும் ஒரே வழிதான் தெரியும்: பூட்ஸ் கால், விசாரணை, அடி. சீனிவாஸ் அந்த ஊரில் போய் உட்கார்ந்தார். மருந்துக்கு வழி செய்தார். குடியிருக்க வீடு, குடிக்கத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாரியம்மன் கோயில் கட்டினார். யாரைப் பிடிக்க வந்தாரோ அவனுடைய சொந்த ஊருக்கு, அவனுடைய உறவுக்காரர்களுக்கு. 1991 நவம்பர் 10-ஆம் தேதி, வீரப்பன் சரணடையப் போகிறான் என்று வந்த சேதியை நம்பி ஆயுதமில்லாமல் காட்டுக்குள் நடந்தார். சுட்டுக் கொன்று தலையை வெட்டி எடுத்தார்கள். வயது 37. மறு வருஷம் கீர்த்தி சக்கரம் கொடுத்தார்கள்.

கோபிநத்தம் மாரியம்மன் கோயிலில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அம்மனுக்குக் காட்டுகிற கற்பூரம் அவருக்கும் உண்டு. எந்தக் குழுவும் தீர்மானம் போடவில்லை.

இந்த முறையைப் பின்பற்றலாமா என்று கேட்பீர்கள். நினைவுக் குழுக்களுக்கு இது ஒத்துவராது. முதல் குறை, காரியத்தை அந்த அதிகாரி உயிரோடு இருக்கும்போதே செய்து முடித்திருக்க வேண்டும். பிறகு குழு செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவது, கல்வெட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர், கௌரவ ஆலோசகர்கள் பேர் போட இடமே வராது. மூன்றாவது, ரசீது புத்தகம் வீணாகிவிடும். போட்டியும் கடுமை: மேட்டூர்ப் பக்கம் மூலக்காட்டில் வீரப்பன் சமாதி இருக்கிறது, அங்கேயும் ஆட்கள் போகிறார்கள். அவனைப் பற்றி வந்த படங்களையும் தொடர்களையும் எண்ண ஆரம்பித்தால் சோளம் ஆறிவிடும்.

அடுத்தது பாதுகாப்பு முன்னெச்சரிக்கை. ஏட்டையாவைப் புராணமாக்கும் முன் ஸ்டேஷனில் பழைய கோப்பு எதுவும் திறந்து கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் டென்னஸ்ஸி மாநிலத்தில் பியூஃபர்ட் புசர் என்று ஒரு ஷெரீஃப் இருந்தார். 1964 முதல் 1970 வரை மெக்நெய்ரி கவுண்ட்டியில் கள்ளச்சாராயக்காரர்களையும் சூதாட்டக்காரர்களையும் கட்டையால் வெளுத்தவர் என்று பேர். 1967-ல் காரில் போகும்போது மறைந்திருந்து சுட்டார்கள், மனைவி செத்தார், இவர் முகம் சிதைந்து பிழைத்தார் என்பது கதை. 1973-ல் படம் வந்து ஓடு ஓடென்று ஓடியது. 1974-ல் கார் விபத்தில் அவர் இறந்தார்; வீடு அருங்காட்சியகமாயிற்று, வருஷா வருஷம் திருவிழா. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் அரசு வழக்கறிஞர் வந்து, அவர் உயிரோடு இருந்தால் மனைவியின் கொலைக்கு அவர் மேலேயே குற்றம் சாட்டுகிற அளவுக்குச் சான்று இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். செத்தவரை விசாரிக்க முடியாது. அவரால் மறுக்கவும் முடியாது. டி-ஷர்ட் அச்சடித்து வைத்திருந்தவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நம்மூரில் இந்த ஆபத்து குறைவு. கோப்பைக் கரையான் முந்திக்கொள்ளும்.

நாள் குறிப்பதில் குழப்பம் வேண்டாம். அக்டோபர் 21 ஏற்கெனவே தயாராக இருக்கிறது. 1959-ல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படை தாக்கிப் பத்து போலீஸ்காரர்கள் இறந்த நாள். நாடு முழுக்கக் காவலர் வீரவணக்க நாள். அதே தேதியில் 2018-ல் டெல்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவிடத்தைத் திறந்தார்கள். முப்பதடி உயர ஒற்றைக் கருங்கல், 238 டன். பக்கத்துச் சுவரில் 34,844 பேர்கள், திறந்த அன்று எண்ணியபடி. உங்கள் ஏட்டையா பணியில் இருக்கும்போது கொல்லப்பட்டவர் என்றால் அவர் பேரும் அதில் இருக்கும். தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும், கழுத்தும் வேண்டும்.

கடைசியாக விழா ஏற்பாடு. மாவட்ட ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் நேரம் ஒதுக்குங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒதுக்க வேண்டாம், அவரே எடுத்துக்கொள்வார். ஃப்ளெக்ஸில் ஏட்டையா படம் ஸ்டாம்ப் அளவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரை விலக்கும் கயிற்றை முந்தின நாளே இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள்; துணி சிலையின் தொப்பியில் மாட்டினால் ஏணி எடுத்து வரும் வரை பேச்சாளர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். முக்கியமானது, முன்வரிசையில் ஏட்டையா சம்சாரத்துக்கு ஒரு நாற்காலி. சாயந்தரம் நாலு மணி விழாவுக்கு மூன்று மணிக்கே கட்சிக்காரர்கள் வந்து வரிசையை நிரப்பிவிடுவார்கள். அந்தம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தல் காலோரம் நிற்க வேண்டி வரும். பேர் எழுதி ஒட்டினால் கிழித்துவிடுவார்கள், துண்டு போட்டு இடம் பிடிப்பது பஸ்ஸில் மட்டும்தான் செல்லும். காலையிலேயே நல்ல பாரமான ஒரு ஆளை அதில் உட்கார வைத்துவிடுங்கள். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே கொடுத்து அனுப்புங்கள்.