என் கை ஓங்கவில்லை

சட்டை போடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் உருவ வேண்டும். பனியன் விஷயத்தில் இதை மாற்றிச் செய்தால் நல்ல கையின் முழங்கை காதோரம் நிற்க, முகம் மூடிய நிலையில் மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கும். அவள் அப்போதுதான் அடுப்பில் தாளித்துக்கொண்டிருப்பாள்.

ஐம்பதைத் தொடும் வயது, கூடவே கொஞ்சம் சர்க்கரை. இரண்டும் சேர்ந்த ஆளைத் தேடி வருவதில் ஃப்ரோஸன் ஷோல்டருக்குத் தனிப் பிரியம். நான் எங்கும் விழவில்லை, மூட்டை தூக்கவில்லை. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தானாக அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிட்டது. தலை சீவ முடியாது. முதுகு தேய்க்க முடியாது. பேன்ட்டின் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடியாது. இந்தக் கடைசி அறிகுறியை மட்டும் டீக்கடை நண்பர்கள் இன்றுவரை நம்பவில்லை.

எலும்பு டாக்டர் “கையைத் தூக்குங்க” என்றார். பாதியில் நின்றது. “விடுங்க, நான் தூக்குறேன்” என்று அவரே தூக்கினார். அவருக்கும் அதே இடத்தில் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி! தசைநார் கிழிந்த கை, சொந்தக்காரன் தூக்கினால் போகாவிட்டாலும் அடுத்தவர் தூக்கினால் பெரும்பாலும் போகுமாம். யார் தூக்கினாலும் போகாததுதான் இந்த நோய்க்கு இலக்கணம். பிறகு, எலும்பில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்ய எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றுமில்லை. அதற்கும் பில் போட்டார்கள்.

“தானாவே சரியாயிடும் சார்.”

“எப்போ டாக்டர்?”

“ஒரு வருஷம், ரெண்டு வருஷம்... சிலருக்கு மூணு.”

இவ்வளவு அவகாசம் கிடைத்தால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? பெரியப்பா ஆந்திராவில் இருக்கும் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போடச் சொன்னார். “அது எலும்பு முறிஞ்சவங்களுக்குத்தானே பெரியப்பா?” என்றேன். “முறிஞ்சதையே சேர்க்கிறவனுக்கு முறியாதது எம்மாத்திரம்டா!” மாமியார் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார், சுகமாகவே இருந்தது. சித்த வைத்தியர் நாடி பார்த்து “கும்பவாதம்” என்றார். பெயரைக் கேட்டதும் என் நோய்க்கு ஒரு ராஜகம்பீரம் வந்துவிட்டது. அவர் கொடுத்த தைலமும் லேசுப்பட்டதில்லை. அலுவலகத்தில் நான் லிஃப்டில் ஏறும்போதே மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பிசியோதெரபி அறையில் சுவரில் ஒரு சக்கரம், தொங்கும் கப்பிக் கயிறு, விரல் ஏறுவதற்கென்று படிவைத்த மரச்சட்டம். 1934-ல் இந்த நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டிய பாஸ்டன் டாக்டர் காட்மன் பெயரில் ஒரு பயிற்சியும் உண்டு. நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, கெட்ட கையைத் தொங்கவிட்டு, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் துழாவுவது போலச் சுற்ற வேண்டும். வீட்டில் ஹால் சுவரே மரச்சட்டம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு நண்டு நடை போட்டு ஏறும்; எங்கே உயிர் போகிறதோ அங்கே ஒரு பென்சில் கோடு. பக்கத்திலேயே மகனின் உயரத்தைக் குறித்த பழைய கோடுகள். வளர்ச்சியில் அவன்தான் முந்தினான்.

இதற்கு மேலும் வழிகள் உண்டு. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம். வலி அடங்கும், ஆனால் சில நாளைக்குச் சர்க்கரை எகிறும். மயக்க மருந்து கொடுத்து டாக்டரே கையை வளைத்து இறுக்கத்தை உடைக்கலாம். துளை போட்டு, கேமராவை விட்டு, உறையை அறுத்துவிடலாம். பிரிட்டனில் 503 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஊசியோடு பிசியோதெரபி, மற்றவர்களுக்கு மயக்கத்தில் வளைப்பு அல்லது துளை அறுவை என்று கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020-ல் லான்செட்டில் வந்தது: ஓராண்டு கழித்து மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. இதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். “அப்போ காசு கம்மியானதைப் பண்ணிக்குங்க” என்றாள். இத்தனை சுருக்கமான மருத்துவ ஆலோசனையை நான் எந்த கிளினிக்கிலும் கேட்டதில்லை. ஊசியும் சுவருமே போதும் என்று முடிவாயிற்று.

இப்போது கை ஓரளவு இளகிவிட்டது. வந்தது வினை. தானாகச் சரியாகிற நோயில், சரியாகும்போது யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்களுக்கே பெயர். என் விஷயத்தில் எல்லோருமே பக்கத்தில் நின்றார்கள். டாக்டர் ஊசி என்கிறார், வைத்தியர் தைலம் என்கிறார். மாமியார் எதுவும் சொல்லாமல் கொல்லையில் இன்னொரு நொச்சிக் கன்று நட்டிருக்கிறார். சுவருக்குப் பரிந்து பேசத்தான் ஆளில்லை.

போன வாரம் பிசியோதெரபிஸ்ட் பேச்சுவாக்கில், “சிலருக்கு அடுத்த தோள்லயும் வரும் சார், பார்த்துக்கோங்க” என்றார். வீட்டில் வந்து சொன்னேன். பெரியப்பா முகம் மலர்ந்தது. புத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருக்கிறார்.