சாவியைத் தொடாத பாவியின் விண்ணப்பம்

முக்காலமும் உணர்ந்த காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவார் சமூகத்துக்கு, வேளச்சேரிவாசி அடியேன் எழுதிக்கொள்வது.

தங்கள் திருமுகம் நேற்று வந்து சேர்ந்தது. படிவத்தில் 'வண்டி ஸ்டார்ட் ஆகிறதா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். ஆகவில்லை என்று தெரிந்திருப்பதால் நான் ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறேனாம். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து விளைந்த தொடர்சேதத்துக்குப் பாலிசியில் இடமில்லையாம். 'ஆகிறது' என்று எழுதியிருந்தால், 'அப்புறம் கிளெய்ம் எதற்கு?' என்று கேட்டிருப்பீர்கள். தர்க்க சாஸ்திரம் படித்தவர்களே கைகட்டி நிற்கும் இடம்!

நான் சாவியைத் தொடவே இல்லை ஐயா. ஸ்டீயரிங்குக்குக் கீழே சேற்றுக்கோடு போட்டுவிட்டுத் தண்ணீர் வடிந்திருந்தது. அந்த வண்டி கிளம்பாது என்று அறிய ஞானதிருஷ்டி எதற்கு? 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, அந்த நிலையில் சாவியைத் திருகினால் கான்ராடு வளைந்துவிடும் என்று எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவரே சொல்வார். அதனால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டோ வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன்.

மெக்கானிக் டிப்ஸ்டிக்கை இழுத்தார். "ஆயில் பால் காபி மாதிரி இருக்கு சார்" என்றார். ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றினார். பிளக் ஓட்டைகளிலிருந்து அழுக்குத் தண்ணீர் கொப்பளித்தது.

அந்நேரம் எழுந்தருளினார் தங்கள் சர்வேயர் பெருமான். இஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார், போட்டோ எடுத்தார், 'இஞ்சின் சுற்றப்பட்டுள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார். தண்ணீரை வெளியேற்றச் சுற்றினாலும் சுற்றியதுதானே! அந்த ஞானதிருஷ்டிக்கு என் தெண்டம். பின்சீட்டுக்கு அடியில் செத்துக் கிடந்த கெளுத்தியும் என் சாவியால்தான் மாண்டதா என்பதை மட்டும் அவர் அறிக்கையில் காணோம்.

ஒன்று கேட்கிறேன். தண்ணீர் புகுந்தால் இஞ்சினுக்கு என்று தனியாக ஒரு ஆட்-ஆன் விற்றீர்களே, எந்தத் தண்ணீருக்கு விற்றீர்கள்? காசு வாங்கும்போது ஒரு நாள் பிந்தினால் மூன்று குறுஞ்செய்தி வருகிறது. கொடுக்கும்போது மட்டும் பொடி எழுத்தில் சட்டம் பேசுகிறீர்கள். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்ததும் ஜனங்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்களே, ஏன்? அத்தனை பேர் கையிலும் இன்சூரன்ஸ் இருந்தது. நம்பிக்கைதான் இல்லை.

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. உயரும் என்பது தங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அடியேனின் விண்ணப்பம் சிறியதுதான். சாவியைத் தொடாமலும், தொட்டவரைப் பார்க்காமலும் எல்லாம் அறியும் அந்த வித்தையையும் ஒரு ஆட்-ஆனாக விற்கலாகாதா? 18 சதவீத ஜிஎஸ்டியோடு கட்டத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் பாலிசிதாரன்

நகல்: காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், சென்னை. அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. பாலிசியில் இதையும் பொடி எழுத்தில்தான் போட்டிருக்கிறீர்கள்.